எம்ஜிபி காரில் இன்ஜின் சூடேறுகிறதா? எப்போது ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ஒன்றின் வெப்ப முள் ஏறத் தொடங்கியதும் பலரும் முதலில் செய்வது புது ரேடியேட்டர் வாங்குவது. அது சரியாகவில்லை என்றால் வாட்டர் பம்ப். அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரிக் ஃபேன். மூன்றுக்கும் செலவழித்த பிறகும் முள் அதே இடத்தில் நிற்கும். நானும் என் 1969 ரோட்ஸ்டரில் (கூரை திறக்கும் எம்ஜிபி) இந்த வழியில் ஒரு கோடை முழுவதையும் விட்டிருக்கிறேன். கடைசியில் கோளாறு இருந்தது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அந்தக் கதை கீழே வருகிறது.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டன. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. கலிஃபோர்னியா வெயிலில் அந்தக் கார்கள் ஓடியிருக்கின்றன. அதாவது, 1798 சிசி இன்ஜினுக்குப் போதுமான குளிர்ச்சி வண்டியிலேயே இருந்தது. இன்று சூடேறுகிறது என்றால் இந்த அறுபது வருடத்தில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது யாரோ தவறாகப் பூட்டியிருக்கிறார்கள். நாம் தேட வேண்டியது அதைத்தான். பெரிய ரேடியேட்டரைப் போட்டு அதை மூடி மறைப்பது வைத்தியம் ஆகாது.

தேடுவதற்கு நல்ல வழி, எந்த நேரத்தில் சூடேறுகிறது என்று கவனிப்பது. நெரிசலில் நிற்கும்போதா, வேகமாகப் போகும்போதா, கிளம்பிய ஐந்து நிமிடத்திலா, அணைத்த பிறகா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால் வண்டி சரியானாலும் எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த வருடம் மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உண்மையிலேயே சூடாகிறதா?

முள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆரம்ப கால எம்ஜிபிகளில் இருப்பது மெல்லிய குழாய் வழியே நேரடியாக இயங்கும் கேஜ். பின்னால் வந்தவற்றில் மின்சார கேஜ். மின்சார கேஜுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் கேஜுக்குச் சராசரியாகப் பத்து வோல்ட் மட்டும் போக வைப்பது அதன் வேலை. அது கெட்டாலோ, அதன் எர்த் (வண்டியின் உடலோடு உள்ள மின் இணைப்பு) துருப்பிடித்தாலோ, முள் தேவையில்லாமல் உயரும். பெட்ரோல் கேஜுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அதனால் பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். பாதி டேங்க்தான் இருக்கிறது, ஆனால் முக்கால் காட்டுகிறது, வெப்ப முள்ளும் மேலே இருக்கிறது என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஸ்டெபிலைசரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துப் பூட்டுங்கள்.

அடுத்து, ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் காசுக்கு மேல் உழைக்கும் கருவி அது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அதன் மூடியின் மேல் நேரடியாகக் காட்டினால் பளபளக்கும் அலுமினியத்தில் எண் குறைவாக வரும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். அப்போது வரும் எண்ணை நம்பலாம்.

எந்த எண் ஆபத்து? வண்டியோடு வந்த வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்றும் இருந்தன. நெரிசலில் 90, 95 வரை ஏறி இறங்குவது நோய் இல்லை. ரேடியேட்டர் மூடி ஒழுங்காக இருந்தால், பாதிக்குப் பாதி ஆன்டிஃப்ரீஸ் கலந்த நீர் 100 டிகிரியில் கொதிக்காது. மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்கிறது. ஏழு பவுண்டு மூடிக்கே பத்து டிகிரிக்கு மேல் கூடுதல் கிடைக்கும்; ஆன்டிஃப்ரீஸ் அதற்கும் மேல் சில டிகிரி தரும். 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அல்லது எந்த எண்ணிலும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், அது கவனிக்க வேண்டிய சூடு.

வண்டியை அணைத்த பிறகு முள் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பம்ப் நின்றுவிட்டது, வார்ப்பிரும்பில் இருக்கும் சூடு நின்ற தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். சில நிமிடத்தில் குறையும். அந்த நேரத்தில் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, மறுபடி ஸ்டார்ட் செய்யத் தகராறு பண்ணலாம். பானெட்டைத் திறந்து வைத்தால் போதும்.

நெரிசலில் நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இது காற்றின் பிரச்சினை. வண்டி ஓடும்போது கிரில் வழியே தானாக வரும் காற்று, நிற்கும்போது ஃபேனிடமிருந்து மட்டும்தான் வர வேண்டும்.

ஃபேன் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் தளர்வு. பெல்ட் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனால் உள் விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்றால் அது வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ஃபேன் உள்ள வண்டியில் இறக்கைகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ரேடியேட்டரின் ஓரங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே பஞ்சு போன்ற பட்டை ஒன்று தொழிற்சாலையில் ஒட்டப்பட்டிருந்தது. பெரும்பாலான வண்டிகளில் அது எப்போதோ பொடியாகி உதிர்ந்துவிட்டது. அது இல்லாவிட்டால் ஃபேன் முன்பக்கக் குளிர்ந்த காற்றை இழுப்பதற்குப் பதிலாக, இன்ஜின் அறையின் சூடான காற்றையே ரேடியேட்டரைச் சுற்றி மறுபடி மறுபடி இழுக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண ஃபோம் பட்டையே போதும். அரை மணி நேர வேலை. இதைச் செய்துவிட்டு வந்து "முள் ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டது" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

முன்பக்கம் கூடுதல் விளக்குகள், பெரிய பேட்ஜ் பட்டை, கிரில்லுக்குப் பின்னால் நெருக்கமான வலை, இவையெல்லாம் காற்றை மறைக்கும். கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். முன்னாலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும்.

எலக்ட்ரிக் ஃபேன் பற்றி ஒரு சம்பவம். ஆபிங்டன் 1976இல் ரேடியேட்டரை முன்னால் நகர்த்தி எலக்ட்ரிக் ஃபேன் கொடுத்தது. அதற்கு முந்தைய நான்கு சிலிண்டர் வண்டிகளில் இருப்பதெல்லாம் பின்னால் பூட்டியவை. லண்டனில் இருக்கும் ஒரு நண்பர் 1966 வண்டி வைத்திருக்கிறார். புதிதாக ஃபேன் போட்ட ஒரு வாரத்தில் நார்த் சர்க்குலர் சாலை ஓரத்திலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, ஃபேன் போட்டா இறங்கணும், இது ஏறுது." ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்டேன். நன்றாகவே சுற்றுகிறதாம். "தம்பி, ஒரு பில் காகிதம் இருந்தா கிரில்லுக்கு முன்னால பிடிங்க." காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் கையிலிருந்து பறந்து சாலையில் விழுந்தது. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். ஃபேனைப் பூட்டியவர் இன்றைய வண்டிகளின் வழக்கப்படி இரண்டு வயர்களையும் கொடுத்துவிட்டார். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் அறையின் சூட்டை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு வயர்களை மாற்றிக் குத்தியதோடு முடிந்தது. எலக்ட்ரிக் ஃபேன் உள்ள எந்த வண்டியிலும் இந்தக் காகிதச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது.

காற்றெல்லாம் சரியாக இருந்தும் ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) சூடேறுகிறது என்றால் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். பாயின்ட்ஸ் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டிப் பொறி விழச் செய்யும் தொடுமுனைகள்) பூட்டிய வண்டிகளில், அதைத் திறக்கும் சுழலும் கேமில் உரசும் சின்ன ஃபைபர் பாதம் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும். தேயத் தேய பாயின்ட்ஸ் இடைவெளி குறையும், பொறி தாமதமாக விழும். தாமதமாக எரியும் பெட்ரோலின் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்ட் வழியிலும், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டிலும் இறங்கும். "போன வருஷம் சரியாகத்தான் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கூடுகிறது, இழுவையும் குறைந்த மாதிரி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பாயின்ட்ஸ் எப்போது பார்த்தீர்கள் என்பதுதான். ஆரம்ப கால வண்டிகளுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், டைமிங் நிலையாகப் பத்து டிகிரி. உங்கள் இன்ஜின் எண்ணுக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

நகரத்தில் சரி, வேகமாகப் போனால் ஏறுகிறது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். வேகத்தில் காற்றுக்குக் குறைவில்லை. அதனால் மூன்று இடங்களில் தேட வேண்டும்: தண்ணீர் போதுமான அளவு சுற்றுகிறதா, ரேடியேட்டரின் உள்ளே வழி திறந்திருக்கிறதா, இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறதா.

இரண்டு ஹோஸ்களின் வெப்பத்தை அளந்து தொடங்குங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும். மேலே கொதிக்கிறது, கீழே இருபது டிகிரிக்கும் மேல் குறைவு என்றால் தண்ணீர் மெதுவாகப் போகிறது. பம்பிலோ, தெர்மோஸ்டாட்டிலோ, ரேடியேட்டர் குழாய்களிலோ தடை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் நன்றாகப் போகிறது, ஆனால் சூட்டை விட்டுவிடவில்லை; துடுப்புகளும் காற்றும்தான் காரணம்.

தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றால் முதலில் கீழ் ஹோஸ். பம்ப் தண்ணீரை இழுப்பது அந்த ஹோஸ் வழியாகத்தான். பழைய ஹோஸ் உள்ளே மென்மையாகிவிட்டால், ஐடிலில் முழு உருளையாக இருக்கும். நாலாயிரம் ஆர்பிஎம்மில் உறிஞ்சும் வேகத்துக்குச் சப்பையாகிவிடும். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜின் சூடான பிறகு ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, ஃபேனிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து அந்த ஹோஸைப் பாருங்கள். வயிறு ஒட்டுவது கண்ணில் படும். சில ஹோஸ்களுக்குள் இதைத் தடுக்கவே ஒரு சுருள் கம்பி இருக்கும். அது துருப்பிடித்துக் காணாமல் போயிருக்கலாம்.

ரேடியேட்டரைப் பார்க்க அதே இன்ஃப்ராரெட் கருவி. எம்ஜிபி ரேடியேட்டரில் தண்ணீர் மேல் தொட்டியிலிருந்து கீழ் தொட்டிக்கு இறங்குகிறது. கருவியைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்துங்கள். எண் சீராக இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று பதினைந்து இருபது டிகிரி குறைந்த ஒரு பட்டை வந்தால், அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. அப்படி நாலில் ஒரு பங்கு குளிர்ந்திருந்தால் ரேடியேட்டரை மாற்றுவதற்கு இப்போதுதான் நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது. பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. முடிந்தால் அதைச் செய்யுங்கள். தோற்றமும் கெடாது.

இனி என் ரோட்ஸ்டரின் கதை. நகரத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏ34 சாலையில் அறுபது மைல் வேகத்தில் இருபது நிமிடம் போனால் முள் நகரத் தொடங்கும். ரேடியேட்டர் புதிது, பம்ப் புதிது, ஹோஸ்கள் எல்லாம் புதிது. ஒரு மாலை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே இருக்கும் தட்டு கொஞ்சம் திரும்ப வேண்டும். நாக்கை வைத்துக் குழாயை அடைத்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றும் அசையவில்லை. காற்று தாராளமாக வாய்க்குள் வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது கூடுதலாகக் கிடைக்க வேண்டிய பொறி முன்கூட்டல் (பொறி சற்று முன்பே விழுவது) எத்தனையோ வருடமாகக் கிடைக்கவே இல்லை. புது வேக்குவம் யூனிட் போட்டதும் அதே சாலையில் முள் அசையாமல் நின்றது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே செய்யுங்கள் என்று இன்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்னே நகர்த்தும் எடைகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் உண்டு. எண்ணெய் காணாமல் துருவேறி அவை சிக்கிக்கொள்வது மிகச் சாதாரணம். ரோட்டரை விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுக்க வேண்டும். திரும்பவே மறுத்தால், அல்லது திரும்பியபடியே நின்றுவிட்டால், பிரித்துச் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மூன்றாவது, கலவை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் வேகத்தில் சூடு ஏறும். எஸ்யூ கார்புரேட்டரில் இதைப் பார்க்க அடியில் ஒரு சின்ன ஊசி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடாக ஐடிலில் இருக்கும்போது அந்த ஊசியை மெதுவாகத் தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் நொடி நேரம் கூடித் திரும்ப அடங்கினால் கலவை சரி. கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது. பத்து சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய அமைப்பிலேயே கலவை கொஞ்சம் மெலிகிறது. அதற்கு முன் சரி செய்த கார்புரேட்டரை மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் மறக்க வேண்டாம். ஒரு சக்கரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஜின் எப்போதும் மேடேறுவது போல உழைக்கும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களின் மையத்திலும் கருவியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதுதான்.

கிளம்பிய சில நிமிடத்திலேயே ஏறுகிறது

தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பது முதல் சந்தேகம். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முள் 95ஐத் தாண்டியும் ஹோஸ் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் சந்தேகம் உறுதி. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டி, அடி தொடாமல் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்த பிறகுதான் பூட்ட வேண்டும். ஒரு கடையில் வாங்கிய 82 ஒன்று என் பாத்திரத்தில் 90ஐத் தாண்டித்தான் வாய் திறந்தது.

தெர்மோஸ்டாட்டையே தூக்கி எறிந்துவிடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். "தண்ணீர் வேகமாகப் போனால் சூட்டை வாங்காது" என்று அதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணமும் தவறு. வேகமாகப் போகும் தண்ணீர் மொத்தத்தில் அதிகச் சூட்டைத்தான் கொண்டு போகும். உண்மையான காரணம் வேறு. தெர்மோஸ்டாட் கொடுக்கும் தடையால், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது, அது ஹெட்டின் சூடான மூலைகளில் நீராவிக் குமிழ் உருவாவதைத் தடுக்கிறது. அதோடு, தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் குளிர்ந்த காலையில் சூடேற வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். எண்ணெயில் ஈரம் சேரும், சிலிண்டர் தேயும்.

அண்மையில் தண்ணீர் மாற்றினீர்களா? அப்படியானால் காற்று அடைத்திருக்கலாம். எம்ஜிபியின் ஹீட்டர் ரேடியேட்டரைவிடப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஹீட்டரைத் திறந்து வைத்து அதிலிருந்து குளிர்ந்த காற்றே வருகிறது என்றால் அதுதான் அடையாளம்.

இவை இரண்டும் இல்லை, தண்ணீர் நிறைவாக இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது என்றால், கீழே ஹெட் கேஸ்கெட் பகுதிக்குப் போங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது

இங்கே ஒரு பொய் எச்சரிக்கை உண்டு. குரோம் பம்பர் (பளபளக்கும் உலோக பம்பர்) உள்ள பழைய எம்ஜிபிகளில் ரேடியேட்டருக்குத் தனியாகச் சேமிப்புத் தொட்டி கிடையாது. சூடாகும்போது விரியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தரையில் விழும். வாய் வரை நிரப்பினால் அடுத்த ஓட்டத்தில் கொஞ்சத்தைத் துப்பிவிட்டு, கழுத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே தன் மட்டத்தை அதுவே வைத்துக்கொள்ளும். மறுநாள் பார்த்துவிட்டு மறுபடி நிரப்பினால் மறுபடி துப்பும். மாதக்கணக்கில் இதைச் செய்துவிட்டுக் கேஸ்கெட் போய்விட்டது என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். மட்டம் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று நான்கு நாள் நிரப்பாமல் பாருங்கள்.

மட்டம் தொடர்ந்து இறங்கினால் மூடியைப் பாருங்கள். ரேடியேட்டர் கழுத்தில் ஆழம் குறைந்தது, கூடியது என்று இரண்டு வகை இருக்கிறது. ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் வெளியே நன்றாகத் திருகி நிற்கும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எதையும் தொடாது. அழுத்தமே சேராது. தண்ணீர் நூறு டிகிரியை ஒட்டியே கொதித்து வெளியேறும். மூடியின் ரப்பரில் கழுத்தின் வட்டத் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அதன் பிறகு பம்ப் உடலின் அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரம் இருக்கிறதா, முன் இருக்கைக் கம்பளம் நனைந்து இனிப்பாக நாறுகிறதா, பிளாக்கின் பக்கத்துத் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகளைச் (வட்டத் தகட்டு மூடிகள்) சுற்றிப் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எங்கும் இல்லை என்றால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது.

ஹெட் கேஸ்கெட்

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைப்பது ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட் சந்தேகத்தை ஊகத்தில் விடாமல் உறுதி செய்ய நல்ல சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் ஒரு குழாயில் நீலத் திரவம் இருக்கும். இன்ஜின் ஓடும்போது தண்ணீரிலிருந்து வரும் காற்று அதன் வழியே போகும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். கருவி விலை அதிகமில்லை.

எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிப் படிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். குளிர்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் எல்லாப் பழைய வண்டியிலும் அது படியும். ஆனால் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால், வண்டியை இனி ஸ்டார்ட் செய்யக் கூடாது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் ராக்கர் கைகளைத் தாங்கும் தண்டு) பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடித்திருக்கின்றன. ராக்கரை மட்டும் எடுக்கப் போகிறேன் என்று தண்ணீரை வடிக்காமல் அவற்றைத் தளர்த்தினால், நல்ல கேஸ்கெட்டும் கசியத் தொடங்கிவிடும். நான் பார்த்த சில கேஸ்கெட் கோளாறுகள் இப்படி உண்டானவைதான். திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, கையேட்டின் வரிசைப்படி, படிப்படியாக 45 முதல் 50 பவுண்டு அடி வரை இறுக்குங்கள். ஹெட்டின் அடிப்பாகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் பூட்டவே வேண்டாம்.

எதுவும் பொருந்தவில்லை, எப்போதும் கொஞ்சம் சூடு

அப்படியென்றால் பிளாக்குக்குள் சேறு. பம்பிலிருந்து வரும் தண்ணீர் பிளாக்கின் முன்பக்கம் நுழைந்து, பின்னால் போய், ஹெட்டுக்கு ஏறி, முன்னால் திரும்புகிறது. வார்ப்பிரும்பின் துருவும் பழைய தண்ணீரின் கசடும் பின்பக்கத்து நான்காம் சிலிண்டரைச் சுற்றி வண்டலாகப் படியும். ரேடியேட்டரை மட்டும் அலசினால் இது அசையாது.

பிளாக்கின் வலது பக்கம் பின்னால் ஒரு வடிகால் குழாயோ பிளக்கோ இருக்கும். திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் பிளாக் காலி என்று அர்த்தம் இல்லை, துளை அடைந்திருக்கிறது. முழுவதும் கழற்றிவிட்டு, ஒரு கெட்டியான கம்பியின் நுனியைக் கொஞ்சம் வளைத்து உள்ளே குத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. மூன்றாவது நான்காவது குத்தில் செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி செம்பழுப்புக் குழம்பு மெதுவாக வழியும். பிறகு திடீரென்று தண்ணீர் பீறிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேலிருந்து தோட்டக் குழாயை வைத்து, கம்பியால் கிளறிக்கொண்டே அலசுங்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் பத்து நிமிடம் அலசுங்கள், மறுபடி சிவக்கும். மிகவும் மோசமான பிளாக்குகளில் பக்கத்துக் கோர் பிளக்குகளையும் கழற்றித்தான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு அடைந்திருந்தது என்று தெரிய, நிரப்பும்போது அளந்து ஊற்றுங்கள். ஹீட்டரோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் போக வேண்டும். நான்கு லிட்டரில் நிறைந்துவிட்டால் மீதி இடத்தில் இருப்பது காற்று, இல்லையென்றால் சேறு.

சாலையில் ஏறிவிட்டால்

ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, அதன் ஃபேனையும் போடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஓரமாக நிறுத்த இடம் தேடுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு, மூடியைத் தொடாமல் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் கொதித்து முகத்துக்கு வரும். ஆறிய பிறகும் கெட்டித் துணியைப் போர்த்தி, முதல் படி வரை மட்டும் திருகி, சீறல் அடங்கிய பின் முழுவதும் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விழும். அந்த ஒரு அவசரத்தால் ஹெட்டையே இழக்க வேண்டியிருக்கும்.

திரும்ப நிரப்பும் முறை

வண்டியின் முன்பக்கத்தைச் சரிவிலோ ஜாக்கிலோ கொஞ்சம் உயர்த்துங்கள். ஜாக் என்றால் கீழே ஸ்டாண்டும் வேண்டும். ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்த ஆன்டிஃப்ரீஸ், பழைய கார்களுக்கென்று விற்கும் நீல வகை, மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் காற்று வெளியேறச் சின்னத் துளை இல்லையென்றால் பூட்டும் முன் மூன்று மில்லிமீட்டரில் ஒன்று போட்டுவிடுங்கள். ஊற்றும்போது மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறிக் கையால் பிசையுங்கள். கழுத்தில் குமிழ்கள் வெடித்து வரும். அப்புறம் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஹீட்டரில் சூடான காற்று வரும்வரை ஐடிலில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, மூடியைப் போடுங்கள்.

முதல் ஓட்டம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்து, முழுக்க ஆறிய பிறகு மறுநாள் காலையில் மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்றுங்கள். கறுப்பு டேப்பில் வந்த எண்ணையும் அன்றைய வெளி வெப்பத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை முள் ஏறுகிற மாதிரித் தோன்றும்போது ஒப்பிட அந்த எண் கையில் இருக்கும்.